மேலதிகாரியும் நாமும்



உங்களுள் சிலர் இன்னும் ஓராண்டில், வேறு சிலர் ஐந்தாறு ஆண்டுகளில், ஏதேனும் ஓர் அலுவலகத்தின் வாயிற்படியை மிதிக்கப் போகிறீர்கள். அந்தப் படியேறுவதற்கு வேண்டிய பட்டத்தைக் கல்லூரி உங்களுக்குத் தரும். கணக்கு எழுதவும் கடிதம் வரையவும் கணிப்பொறியை இயக்கவும் கற்றுத்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஒன்றை மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் காணோம். நம்மை வேலை வாங்குபவரோடு நாள்தோறும் எட்டு மணி நேரம் பழகுவது எப்படி என்பதே அது. படித்த படிப்பெல்லாம் பயன்படுவதும் பயன்படாமற் போவதும் பல சமயங்களில் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே இன்று அதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

மேலதிகாரிகளில் பல வகையினர் உண்டு. முன்கோபம் உடையவர் உண்டு. புகழ்ச்சிக்கு மயங்குபவர் உண்டு. எதையும் நாளைக்கு என்று தள்ளுபவரும் உண்டு. அவர்கள் எல்லாரையும் பற்றிப் பேச நேரம் போதாது. நான் எடுத்துக்கொண்டது ஒரே வகையினரைத்தான். அவர்கள் நம்மிடம் ஒரு வேலையைக் கொடுப்பார்கள். ஆனால், கொடுத்த கையை எடுக்க மாட்டார்கள். ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். முதல் வரி முடியுமுன் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். இன்று காற்புள்ளியை அரைப்புள்ளியாகத் திருத்துவார்கள். நாளை அதே அரைப்புள்ளியைக் காற்புள்ளியாகத் திருத்துவார்கள். பெரிய அலுவலகமாயின் இத்தகையவரின் பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அறைகளும் தாழ்வாரங்களும் உண்டு. சிறிய அலுவலகத்தில் இருப்பன நான்கே நாற்காலிகள். அவர் செருமினாலும் நமக்குக் கேட்கும். நாம் பெருமூச்சு விட்டாலும் அவருக்குக் கேட்கும்.

அத்தகைய நான்கு நாற்காலி அலுவலகம் ஒன்றில்தான் என் முதல் உத்தியோகம் அமைந்தது. ஆண்டு 1982. தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மிளகாய் வற்றல் கமிஷன் மண்டி. முதலாளி ஒருவர், கணக்கர் ஒருவர், கடைநிலை ஊழியர் ஒருவர், கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் தட்டச்சராக நான். என் மேசைமேல் ஒரு தட்டச்சுப் பொறியும் அனுப்புகைப் பதிவேடும் இருந்தன. அஞ்சல் தலைகள் மட்டும் முதலாளியின் இழுப்பறையில் பூட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் எழுந்து சென்று கேட்டுத் தலையை வாங்கி வரவேண்டும். மாலையில் அவர் மீதித் தலைகளை எண்ணிப் பார்ப்பார். எண்ணியபின் பதிவேட்டை வாங்கிச் சரிபார்ப்பார். அதன்பிறகும், கடைநிலை ஊழியரை அழைத்து, கடிதங்களை அஞ்சற்பெட்டிக்குள் போட்டபோது அவை உள்ளே விழுந்த ஓசை கேட்டதா என்று விசாரிப்பார்.

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. பட்டம் பெற்ற பெருமிதம் தலைக்குள் இருந்தது. அஞ்சல் தலையைக் கூட நம்பி ஒப்படைக்காத இடத்தில் என்ன வேலை பார்ப்பது என்ற கசப்பு நெஞ்சுக்குள் இருந்தது. அந்தக் கசப்பு என்னை என்ன செய்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நான் சண்டையிடவில்லை, வேலையை விடவும் இல்லை. அவற்றைவிடத் தீங்கான ஒன்றைச் செய்தேன். என் வேலையை நானே சரிபார்ப்பதை நிறுத்திவிட்டேன். எப்படியும் அவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கப் போகிறார், திருத்தமில்லாமல் விடப்போவதில்லை, பிறகு நான் எதற்காக இரண்டாம் முறை படிக்க வேண்டும் என்று எண்ணினேன். தட்டச்சு செய்தவுடன் தாளை உருவி அவர் மேசையில் வைப்பேன். பிழை இருந்தால் அது அவர் பாடு.

ஒரு நாள் முதலாளி உறவினர் ஒருவரின் இறப்புக்காக வெளியூர் சென்றிருந்தார். வடக்கே உள்ள வியாபாரி ஒருவருக்குப் பதினைந்து மூட்டை வற்றலுக்கு ஒப்புதல் தெரிவிக்கும் கடிதம் அன்றே போக வேண்டும். போகும்போதே அதில் கையொப்பமிடும் பொறுப்பைக் கணக்கரிடம் விட்டுச் சென்றிருந்தார். நான் வழக்கம்போல் அடித்தேன். வழக்கம்போல் படித்துப் பார்க்கவில்லை. கணக்கர் என்னை நம்பிக் கையொப்பமிட்டார். நான்கு நாள் கழித்து, நூற்றைம்பது மூட்டைக்கு லாரி ஏற்பாடு செய்துவிட்டதாக அந்த வியாபாரியிடமிருந்து தந்தி வந்தது. நான் ஒரு சுழியைக் கூடுதலாக அடித்திருந்தேன்.

அந்த நட்டத்தை ஈடுகட்ட முதலாளி பட்ட பாட்டை நான் அருகில் இருந்து பார்த்தேன். அவர் என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை. ஆனால் இழுப்பறைக்கு மேலும் ஒரு பூட்டுப் போட்டார். அதைக் கண்டு நான் சினம் கொள்ள முடியவில்லை. அவர் என்னை நம்பாமல் இருந்தது தவறு என்று மூன்று மாதம் வாதாடிக்கொண்டிருந்த நான், அவர் நம்பாமல் இருந்ததே சரி என்று ஒரே நாளில் மெய்ப்பித்துக் கொடுத்துவிட்டேன்.

நண்பர்களே, இத்தகைய மேலதிகாரியிடம் வேலை பார்ப்பதில் உள்ள முதல் ஆபத்து இதுதான். அவர் நம் நேரத்தைக் கெடுப்பார். அது சிறிய இழப்பு. நம் அமைதியைக் கெடுப்பார், அதையும் தாங்கலாம். ஆனால், எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று நம் கண்ணை நாமே மூடிக்கொள்ளத் தொடங்கினால், அவரிடமிருந்து விலகிய பிறகும் அந்தக் குருட்டுத்தனம் நம்மைவிட்டு விலகாது. வேறோர் அலுவலகத்துக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் செல்வோம்.

அந்நாளில் எனக்குக் கைகொடுத்தவர் கணக்கர். வயதில் மூத்தவர், நாங்கள் அவரை அண்ணாச்சி என்று அழைப்போம். என் கடிதத்தில் கையொப்பமிட்டதற்காக அவரும் வசவு வாங்கியிருந்தார். ஆயினும் என்மீது அவர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு மாலை, மண்டியின் கதவைச் சாத்திய பிறகு, அவர் என்னிடம் சொன்னார்:

"தம்பி, முதலாளி உன்னைக் கேள்வி கேட்கிறார் என்று வருந்துகிறாய். அவர் கேட்பதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிப் பார்."

"சொல்வதற்கு என்ன இருக்கிறது, அண்ணாச்சி? எல்லாம்தான் அவர் கண் முன்னே நடக்கிறதே?"

"அவர் கண் முன்னே நடப்பது வேறு, அவர் மனத்துக்குத் தெரிவது வேறு. பத்தாண்டுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவன் ஒரு பதிவுத் தபாலை அனுப்பாமல் மேசைக்குள்ளேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த ஒரு கடிதத்தால் ஒப்பந்தம் தவறியது. அம்மாவின் நகைகள் அடகுக்குப் போயின. அன்று தொடங்கிய பயம், தம்பி. அவர் எண்ணுவது அஞ்சல் தலையை அன்று."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று மாதமாக நான் கண்டது ஒரு கடுமையான மனிதரை. அண்ணாச்சி காட்டியதோ ஓர் அஞ்சிய மனிதரை. இருவரும் ஒருவரே.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, அவர் அழைக்குமுன் நானே ஒரு துண்டுத்தாளை அவர் மேசைமேல் வைத்தேன். இன்று வந்த கடிதங்கள் இத்தனை. விடை எழுதியவை இத்தனை. நாளைக்கு நிற்பவை இவை, நிற்பதற்குக் காரணம் இது. பயன்படுத்திய தலைகள் இத்தனை, மீதி இத்தனை. ஆறே வரிகள். அவர் தாளைப் படித்தார்; ஒன்றும் சொல்லவில்லை; வழக்கம்போல் தலைகளை எண்ணினார். இரண்டாம் நாளும் எண்ணினார். இரண்டு வாரம் அப்படியே சென்றது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் தாளைப் படித்துவிட்டு இழுப்பறையை மூடிவிட்டு எழுந்தார். அன்று எண்ணவில்லை. ஆறு மாதம் கழிந்தபின் அஞ்சல் தலைகள் என் மேசைக்கு வந்தன.

அவர் முற்றிலும் மாறிவிட்டார் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். காற்புள்ளிகளைத் திருத்துவதை அவர் கடைசிவரை விடவில்லை. தோளுக்குப் பின்னால் நிற்பதும் நின்றபாடில்லை. ஆனால், நிற்கும் நேரம் குறைந்தது. அதைவிட முக்கியமாக, என் கண்ணை நான் மீண்டும் பெற்றேன். மாலையில் ஆறு வரி எழுத வேண்டுமாயின், பகலெல்லாம் என் வேலையை நானே கவனித்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு மண்டியின் கதையைக் கொண்டு உலகத்தை அளக்கிறேனே என்று நீங்கள் எண்ணலாம். இந்தக் குணம் நான்கு நாற்காலி அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. அரியணைக்கும் உரியது. 1556 முதல் 1598 வரை ஸ்பெயின் நாட்டை ஆண்ட இரண்டாம் பிலிப் மன்னர், கடல் கடந்து பரந்த ஒரு பேரரசைத் தம் எழுது மேசையிலிருந்தே ஆள முயன்றவர். நாடெங்கிலுமிருந்து வரும் அறிக்கைகளைத் தாமே படிப்பார்; ஓரத்தில் குறிப்பெழுதுவார்; சொற்பிழைகளையும் திருத்துவார். உழைப்பில் அவருக்கு ஈடு சொல்வது அரிது. விளைவு யாது? முடிவுகள் அனைத்தும் ஒரு மேசையில் வந்து தேங்கின. தொலைவில் இருந்த ஆளுநர்கள் அவருடைய கட்டளைக்காகக் காத்துக் கிடந்தனர். கட்டளை வந்து சேரும்போது நிலைமை மாறியிருந்தது. எல்லாவற்றையும் தாமே பார்க்க வேண்டும் என்பவர், பார்க்க வேண்டியதை உரிய காலத்தில் பார்க்க முடியாமற் போவது இயல்பு.

அத்தகையவரிடம் வேலை பார்த்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு நமக்கு அண்மைக் காலத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1940 மே 10 அன்று இங்கிலாந்தின் தலைமை அமைச்சராகப் பொறுப்பேற்ற வின்ஸ்டன் சர்ச்சிலின் அலுவலகம் அது. இந்தியராகிய நாம் அவரைப் பற்றிக் கொண்டுள்ள மனக்குறை வேறு. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை நாம் மறப்பதற்கில்லை. இங்கே நான் நோக்குவது அவருடைய அலுவலகத்தை மட்டுமே. போரை நடத்திய அதே மனிதர், கடற்படைத் தலைமையகத்தின்மேல் பறக்கும் கொடி அழுக்கடைந்திருக்கிறது என்றும் குறிப்பு அனுப்புவார். பொதுமக்களுக்காக அரசு திறந்த உணவுக்கூடங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலும் தலையிட்டார். 'இன்றே செய்க' என்று அச்சிட்ட சிவப்புச் சீட்டுகள் அவர் அனுப்பும் தாள்களில் ஒட்டப்பட்டிருக்கும்.

1941-ஆம் ஆண்டு அவரிடம் தட்டச்சராகச் சேர்ந்த எலிசபெத் லேட்டன் என்ற இளம் பெண், தம் முதல் அனுபவத்தைப் பின்னாளில் நூலாகவே எழுதியிருக்கிறார். வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விட்டு அடிப்பது அங்கே வழக்கம். அது தெரியாமல் ஒற்றை இடைவெளியில் அடித்துக் கொடுத்தார். சர்ச்சில் சீறிப் பாய்ந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டு வேலையை விட்டுச் சென்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. அவர் செல்லவில்லை. அந்த அலுவலகத்தின் வழக்கங்களைக் கற்றுக்கொண்டார். போர் முடியும் வரையில், 1945 வரையில், அங்கேயே பணியாற்றினார். இரட்டை இடைவெளியா ஒற்றை இடைவெளியா என்பது தன்மானத்தைப் பணயம் வைக்கத்தக்க செய்தி அன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். மேலதிகாரியின் விருப்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றை முகம் சுளிக்காமல் நிறைவேற்றிவிடலாம்.

ஆனால், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது பணிவாகாது. தளபதி ஆலன் புரூக்கின் நடத்தை இதற்கு விளக்கம் தரும். 1941 அக்டோபரில், நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் பகுதியில் படையை இறக்கத் திட்டம் வகுக்குமாறு அவருக்குக் கட்டளை வந்தது. அது இயலாத காரியம் என்பது அவருக்குத் தொடக்கத்திலேயே தோன்றியது. ஆயினும் அவர் கட்டளையைத் தட்டிக் கழிக்கவில்லை. திட்டத்தை முறையாக ஆராய்ந்தார். வான்படையின் பாதுகாப்பு அங்கே போதாது என்பதைக் காரணங்களோடு எழுதிச் சர்ச்சிலின் முன் வைத்தார். நெடுநேரம் குறுக்கு விசாரணை நடந்தது. புரூக் அசையவில்லை. அந்தப் படையெடுப்பு நடைபெறவில்லை. இவ்வளவு எதிர்த்துப் பேசியவரைச் சர்ச்சில் விலக்கினாரா? இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அவரையே தரைப்படையின் தலைமைப் பொறுப்புக்குத் தேர்ந்தார். 1946 வரை புரூக் அப்பொறுப்பில் இருந்தார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டுவது, 'முடியாது' என்ற சொல்லுக்கு முன்னால் அவர் செய்த உழைப்பு. வேலையைச் செய்யாமலே முடியாது என்பவனை எந்த மேலதிகாரியும் ஐயுறுவார். செய்து பார்த்துவிட்டு, இன்ன காரணத்தால் முடியாது என்பவனை மறுப்பது கடினம்.

புரூக்குக்குச் சினம் வராமல் இல்லை, நிறைய வந்தது. அதை அவர் இரவில் தம் மனைவிக்காக எழுதிய நாட்குறிப்பில் கொட்டித் தீர்த்தார். 1957-இல் அதன் பகுதிகள் வெளிவந்தபோதுதான் பலரும் அவர் அடக்கிவைத்திருந்த கொதிப்பை அறிந்தனர். கடுமையாகக் குறை கூறிய அதே ஏட்டில், இத்தகைய மனிதரோடு பணியாற்றும் வாய்ப்புக் கிடைத்ததற்கு நன்றி செலுத்தியும் எழுதியிருக்கிறார். அலுவலகச் சினத்தைத் தேநீர்க் கடையில் கொட்டினால், அது அரை மணி நேரத்தில் அலுவலகத்துக்கே திரும்பி வந்துவிடும். தாளில் கொட்டினால் அங்கேயே ஆறிவிடும். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தால், எது உண்மையான குறை, எது அன்றைய வெயிலின் கொடுமை என்பதும் விளங்கும்.

இந்த அலுவலகத்தைப் பற்றிய இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். சர்ச்சிலின் கடுமையைப் பற்றி அவரிடமே எடுத்துரைக்க யாரும் துணியாதபோது, அவருடைய மனைவி கிளமென்டைன் 1940 ஜூன் 27 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கீழே உள்ளவர்களிடம் கரடுமுரடாகவும் ஏளனமாகவும் நடந்துகொண்டால் அவர்களுடைய அன்பை இழக்க நேரும் என்றும், நல்ல கருத்துகள் எவையும் அவரிடம் வந்து சேரா என்றும் எச்சரித்தார். முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டு, மறுபடியும் எழுதிக் கொடுத்த கடிதம் அது. அன்புடைய மனைவிக்கே அத்தனை தயக்கம் இருந்ததென்றால், நாலு நாள் முன் வேலைக்குச் சேர்ந்தவனின் தயக்கம் எத்தகையது! ஆகவே, மேலதிகாரியைத் திருத்துவது நம் வேலை அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வேலையைப் பற்றி அவரிடம் உண்மையைச் சொல்வதே நம் கடமை.

எங்கள் மண்டியிலும் அப்படி ஒரு நாள் வந்தது. ஓர் இழப்பீட்டுக் கோரிக்கையைக் குறித்த நாளுக்குள் அனுப்ப முதலாளி தவறிவிட்டார். மூன்று நாள் முந்திய தேதியிட்டுக் கடிதத்தை அடித்துத் தருமாறு கேட்டார். நான் எழுந்து நின்று, "ஐயா, இன்றைய தேதியையே இட்டு, தாமதத்துக்கான காரணத்தை நன்றாக எழுதித் தருகிறேன், தேதியை மாற்றி அடிக்க என்னால் முடியாது" என்றேன். குரல் நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தாமே ஒரு தாளை எடுத்துக் கையால் எழுதிக்கொண்டார். அதில் எந்தத் தேதியை இட்டார் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால், அதன்பின் அத்தகைய வேலையை என்னிடம் அவர் கொடுத்ததே இல்லை. காற்புள்ளியை நூறு முறை மாற்றிக் கொடுத்திருந்தேன். ஆகையால், தேதியை மாற்ற மாட்டேன் என்றபோது அது பிடிவாதமாக அவருக்குத் தோன்றவில்லை.

திருக்குறளில் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 70-ஆவது அதிகாரம். குளிர் காய்கிறவன் நெருப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் அமர்வானோ, அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. அமைச்சருக்குச் சொன்ன அறம் தட்டச்சருக்கும் பொருந்துகிறது. மிக நெருங்கி, அவருடைய எண்ணமே நம் எண்ணம் என்று ஆகிவிட்டால் எரிந்துபோவோம். மிக விலகி, அவர் கேட்டால்தான் வாய் திறப்பது என்று இருந்துவிட்டால், அவர் அச்சம் வளரும்; நாமும் குளிரில் நடுங்குவோம்.

இன்று துண்டுத்தாளின் இடத்துக்குச் செல்பேசி வந்திருக்கிறது. மேலதிகாரி தோளுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கும் செய்தி அனுப்பிக் கேட்கலாம். கருவி மாறினாலும் வழி மாறவில்லை. நாள் முடியும் நேரத்தில், கேட்குமுன் நீங்களே ஐந்தாறு வரியில் நிலைமையைத் தெரிவித்துவிடுங்கள். வாய்மொழியாக வந்த கட்டளை குழப்பமாக இருந்தால், 'தாங்கள் இவ்வாறு கூறியதாகப் புரிந்துகொண்டேன்' என்று எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் வந்தால், 'எதை முதலில் முடிக்கட்டும்?' என்று அவரையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒரு வேலையைத் தொடங்கும்போதே, எந்தக் கட்டத்தில் அவர் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டுவிட்டால், இடையில் பத்து முறை பார்ப்பது மூன்று முறையாகக் குறையலாம்.

இவ்வளவும் சொன்னபின், ஓர் எல்லையையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவன் ஆவேன். அச்சத்தால் துருவித் துருவிக் கேட்பவர் ஒருவர். பிறரைத் துன்புறுத்துவதில் இன்பம் காண்பவர் வேறொருவர். முன்னவரிடம் பொறுமை பயன் தரும்; பின்னவரிடம் பொறுமை தீங்கையே வளர்க்கும். ஊதியத்தைப் பிடித்து வைப்பது, பிறப்பையும் உருவத்தையும் சொல்லி இழிவுபடுத்துவது, பொய்க் கணக்கு எழுதச் சொல்வது ஆகியவற்றைப் பொறுத்துக்கொள்வது பண்பாகாது. பெண்கள் சிறப்பாக ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் நம் நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் அலுவலகத்துக்குள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் சிறிய அலுவலகத்தில் இருப்பவருக்குப் புகலிடம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மாவட்ட அளவில் அமைக்கப்படும் குழுவிடம் அவர்கள் முறையிடலாம்; முறையீடு முதலாளிக்கே எதிரானதாக இருப்பினும் அங்கே கொண்டுசெல்லலாம்.

சில இடங்களை விட்டு விலகத்தான் வேண்டும். விலகுவது தோல்வியன்று. ஆயினும், விலகுமுன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'இவரிடமிருந்து போகிறேனா, அல்லது என் வேலையைச் சரிபார்க்கும் கண்ணை இழந்துவிட்டதை மறைக்கப் போகிறேனா?' அந்த நூற்றைம்பது மூட்டைக் கடிதத்துக்குப் பிறகு நான் உடனே விலகியிருந்தால், கொடுமைக்கார முதலாளி ஒருவரைப் பற்றிய கதையை வாழ்நாள் முழுவதும் சொல்லித் திரிந்திருப்பேன்.

நிறைவாக ஒன்று. மேலதிகாரியைப் பற்றிய பேச்சு என்றால், நாம் எப்போதும் கீழே நின்று மேலே பார்ப்பதாகவே எண்ணிக்கொள்கிறோம். உங்களுள் பலர் ஒரு நாள் அந்த மறுபுற நாற்காலியில் அமரப் போகிறீர்கள். அந்த நாளுக்காகவும் திருக்குறளில் ஓர் அதிகாரம் உண்டு. 'தெரிந்து வினையாடல்' என்பது அதன் பெயர். தக்கவனை ஆராய்ந்து தேர்வதையும், தேர்ந்தபின் வேலையை அவனிடம் விட்டுவிடுவதையும் அது வற்புறுத்துகிறது. விட்டுவிடுவது எளிதன்று. என்கீழ் முதல் முறையாக ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தைப் பார்க்க நான் என்னையறியாமல் எழுந்து, அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவருடைய விரல்கள் பொத்தான்கள்மேல் தயங்கி நின்றன. அந்த விரல்கள் எனக்குப் பழக்கமானவை. நான் ஒன்றும் சொல்லாமல் என் நாற்காலிக்குத் திரும்பினேன். மாலை ஐந்து மணிக்கு அவரே கடிதத்தைக் கொண்டுவந்தார்.

அதில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. அப்படியே கையொப்பமிட்டு அனுப்பினேன்.